வீட்டு அலமாரியில் எந்தப் புத்தகம்?

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோர் ஒரு வேண்டுகோளைத் தவறாமல் முன்வைக்கின்றனர். "சாமி, பிள்ளைகள் படிக்கிற மாதிரி நல்ல புத்தகமா நாலு எழுதிக் கொடுங்க" என்பதே அது. இவ்வாறு கேட்போருள் அண்மைக் காலத்தில் புதியதொரு பிரிவினரும் சேர்ந்துள்ளனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்போர் அவர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது எல்லாக் குடும்பங்களுமே வேறு வழியின்றி வீட்டைப் பள்ளியாக்கிக்கொண்டன. கதவுகள் மீண்டும் திறந்தபோது ஏறக்குறைய எல்லாரும் திரும்பினர். மிகச் சிலர் திரும்பவில்லை. நகரத்து வேலையை விட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்து வீட்டில் குடியேறி, தாமே பாடம் சொல்லி, தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகப் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவைக்கும் எண்ணத்தில் இருப்போரை நாம் அறிவோம்.

இவர்களோடு நாம் வழக்காடுவதில்லை. பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் கூறியிருக்கிறது. ஆனால் உரிமை பெரிதாகும்போது சுமையும் பெரிதாகிறது அல்லவா? பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, வீட்டில் இல்லாத புத்தகத்தைத் தோழனின் பையிலிருந்தோ ஆசிரியரின் மேசையிலிருந்தோ எடுத்துக்கொள்ளும். வீட்டிலேயே பயிலும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு அரிது. தாயும் தந்தையும் அலமாரியில் எதை அடுக்குகிறார்களோ, ஏறக்குறைய அதுவே அதற்கு உலகம்.

முற்காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை உரோமை வெளியிட்டது. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் அது வழக்கில் இருந்தது. 1966இல் அதன் சட்ட வலிமை நீக்கப்பட்டது. நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில் அது பழங்கதையாகிவிட்டது. ஆயினும் பட்டியல் வேண்டும் என்னும் ஆசை மட்டும் மக்கள் மனத்தை விட்டு அகலவில்லை. எவரேனும் எழுதிக் கொடுத்துவிட்டால் நாம் படித்துப் பார்க்க வேண்டியதில்லையே!

வீட்டில் எந்தப் புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது என்பது சிறு செய்தி அன்று. 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்ட இனாசியார், லொயோலா மாளிகையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பொழுது போக்க வீரதீரக் காதல் கதைகள் வேண்டும் என்று கேட்டார். அம்மாளிகையில் அவை இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும், 'புளோஸ் சாங்க்தோரும்' என்னும் புனிதர் வரலாறுமே. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். பின்னர் நிகழ்ந்ததை உலகம் அறியும். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே இயேசு சபையில் சேர்ந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார்தாம் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டவர். அவரே 1586இல் முத்துக்குளித்துறை மக்களுக்காக அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' என்னும் நூலையும் அச்சேற்றினார். அதன் மறுபெயர் என்ன தெரியுமா? 'புளோஸ் சாங்க்தோரும்' என்பதேதான். தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்திலேயே குடும்பங்களுக்கான வாசிப்பு நூல் இடம்பெற்றுவிட்டது என்பதை நம் பங்கு மக்களுள் எத்தனை பேர் அறிவர்?

ஆனால் இதிலிருந்து 'புனிதர் வரலாறு ஒன்றே போதும்' என்று முடிவு கட்டுவோருக்கு அவிலா தெரேசாளின் சரிதையை நினைவூட்ட விரும்புகிறோம். பிள்ளைகள் படிக்கட்டும் என்று அவருடைய தந்தை நல்ல நூல்களை வீட்டில் வைத்திருந்தார். தாயோ வீரக் கதைகளில் ஈடுபாடு கொண்டவர். மகளும் அவற்றைத் தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் படித்தாள். அதனால் தமக்கு நேர்ந்த தீங்கைத் தெரேசாளே எழுதியிருக்கிறார். நம் கருத்து வேறொன்றும் உண்டு: கதையினால் விளைந்த கேடு பாதி என்றால், ஒளித்துப் படித்ததனால் விளைந்தது மறுபாதி. தந்தையோடு பேச இயலாத ஒரு புத்தகம் அந்த வீட்டில் இருந்தது.

இனி நம் பங்கின் செய்திக்கு வருவோம். கோயில் அலுவலகத்தில் ஒரு மர அலமாரி உண்டு. அதில் முந்நூறு நூல்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று பாமா எழுதிய 'கருக்கு'. வருசநாட்டு மலைக்கு அப்பால், விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின் அதை விட்டு வெளியேறிய ஒருவர் தம் வாழ்வை எழுதிய நூல் அது. 1992இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் கிராஸ்வேர்டு விருதும் பெற்றது. திருச்சபைக்குள்ளும் மடத்துக்குள்ளும் தாம் கண்ட சாதியை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்நூலை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பங்குப் பேரவை உறுப்பினர் இருவர் நம்மிடம் கூறினர். பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் தாய் ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர்கள் கெட்ட மனிதர் அல்லர். "கன்னியரைப் பற்றி இப்படிப் படித்தால் பிள்ளைகளுக்கு விசுவாசம் எப்படி நிற்கும் சாமி?" என்றே வருந்திக் கேட்டனர்.

அதே நூலை அதற்கு முந்திய மாதம் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எடுத்துப்போயிருந்தாள். அவளுடைய தாய் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போய் அந்தியில் திரும்புபவர். நூலைத் திருப்பிக் கொடுக்கையில் அப்பெண் கேட்டாள்: "நம்ம தெருக் கதை மாதிரியே இருக்கு சாமி. இதெல்லாம் எழுதலாமா?" "எழுதியிருக்கிறார்களே அம்மா" என்றோம். அவள் சற்று நின்றுவிட்டுப் போனாள்.

பேரவை கூடியபோது நாம் நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம் வீடுகளில் இருக்கிறது. அதில் சாமுவேல் இரண்டாம் நூலைத் திறந்து தாவீது உரியாவுக்குச் செய்ததைப் படித்துப் பார்க்கச் சொன்னோம். அரசனின் மானத்தைக் காக்க அந்தப் பகுதியை எவரும் கிழித்தெறியவில்லை. பேதுரு மறுதலித்ததையும் நான்கு நற்செய்தியாளரும் எழுதியே வைத்தனர். வீட்டின் குற்றத்தை வீட்டாரே சொல்லும் நூல்தானே நம் திருநூல்? ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர் ஏற்கவில்லை, அதன்பின் அவர் பேரவைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நமக்கு அது வருத்தமே. அதற்காக நூலை எடுத்துவிட நம் மனம் இசையவில்லை. எடுத்திருந்தால் அப்பெண்ணின் கேள்விக்கு 'எழுதக் கூடாது' என்று விடை சொன்னதாகிவிடும்.

எல்லா நூலும் எல்லா வயதுக்கும் ஆகும் என்று நாம் சொல்லவில்லை. அந்தத் தாய் நூலை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே முழுவதும் படித்தார். பத்து நாள் கழித்து வந்து, "பதினோரு வயதுப் பையனுக்கு இப்போது வேண்டாம் சாமி. பதினைந்தில் நானே கொடுப்பேன், கூட இருந்து பேசுவேன்" என்றார். இதைவிட நல்ல தணிக்கை முறையை எந்தப் பேராயமும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

தீமையைத் தீமையென்று காட்டும் நூலும், தீமைக்குத் தேன் தடவும் நூலும் ஒன்றல்ல. நம் வீடுகளில் உண்மையாகவே கேடு செய்யும் எழுத்து எது என்று கேட்டால், நாம் முதலில் சுட்டுவது நாவல்களை அன்று. புனிதர் ஒருவரின் படத்தைப் போட்டு, 'இதை இத்தனை பேருக்குப் படியெடுத்துக் கொடுக்காவிட்டால் இன்ன தீங்கு வரும்' என்று மிரட்டும் துண்டுத்தாள்களையே சுட்டுவோம். முன்பு அவை கோயில் பெஞ்சுகளில் கிடந்தன. இன்று கைப்பேசியில் வருகின்றன. கடவுளைக் கந்துவட்டிக்காரராகக் காட்டும் இந்த எழுத்தைப் பக்தி என்று எண்ணிப் பிள்ளைகள் கையில் கொடுப்போர் உளர்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். தன் உடலைப் பற்றியும், பிறர் அத்துமீறினால் யாரிடம் சொல்வது என்பதைப் பற்றியும் வயதுக்கேற்ற சொற்களில் பேசும் நூல் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012இல் வந்தது; உதவிக்கு 1098 என்னும் எண்ணும் இருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லச் சொல்லே அறியாத பிள்ளைக்குச் சட்டத்தால் என்ன பயன்? வீட்டிலேயே பயிலும் பிள்ளைக்கு வேறு ஆசிரியர் காது இல்லை என்பதால் இது இருமடங்கு தேவை.

சிரிப்பையும் மறக்கலாகாது. பக்தியான வீட்டில் சிரிப்புப் புத்தகம் எதற்கு என்பார்க்கு வீரமாமுனிவரே விடை. புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 1726இல் தேம்பாவணிக் காப்பியத்தை முடித்த அதே குருதான், பரமார்த்த குருவையும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரையும் படைத்தார். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் அறிவாளிகள் அவர்கள்! குருவானவர் ஒருவரே 'குருவும் மூடராகலாம்' என்று பிள்ளைகளைச் சிரிக்கவைத்தார் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அதைப் படித்துக் காட்டும்போது பின்வரிசைப் பையன்கள் நம்மையே ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

நான்காம் நூற்றாண்டில் பெரிய பசிலியார், கிரேக்கர்களின் நூல்களைக் கிறிஸ்தவ இளைஞர் எப்படிப் படிப்பது என்று கூறுகையில் தேனீயை உவமையாக்கினார். தேனீ எல்லாப் பூவிலும் உட்காருவதில்லை. உட்கார்ந்த பூவையும் முழுதாகத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. நம் பகுதியாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேனீ வந்து போகாவிட்டால் ஏலச்செடியில் காய் பிடிக்காது என்பதை மலைக்குப் போகும் எவரும் சொல்வர். பூச்சிக்குப் பயந்து தோட்டம் முழுவதையும் வலை போட்டு மூடினால் பூச்சியும் வராது, காயும் வராது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூலையில் இலக்கியம் பற்றி எழுதிய மடலில் தம் இளமை அனுபவம் ஒன்றைக் கூறுகிறார். 1964, 65 ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சாந்தா பே நகரில் அவர் இலக்கிய ஆசிரியர். பாடத்தில் இருந்த 'எல் சித்' காவியத்தை மாணவர் விரும்பவில்லை. கார்சியா லோர்காவைக் கேட்டனர். காவியத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய ஆசிரியர்களைப் பற்றியே பேசினாராம். வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பத்தில் மூன்று நூல்களையாவது பிள்ளை தானே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு அரசு நூலகமே தக்க இடம். பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட சிறுவர் நூல்கள் விலை குறைந்தவை. அழ. வள்ளியப்பாவின் பாடல்களைச் சிறு பிள்ளைகளுக்கு உரக்கப் பாடிக் காட்டுங்கள். இரவில் கைப்பேசியை அடுப்படியில் வைத்துவிட்டு அரைமணி நேரம் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும். ஏலத் தோட்டத்திலிருந்து களைத்து வரும் தாய்க்கு எழுத்துத் தெரியாவிட்டால், பிள்ளை படித்துத் தாய் கேட்கலாம்.

நம் அலமாரி ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்திருக்கும். ஒருவருக்கு இரண்டு நூல்கள், இரண்டு வாரம். 'கருக்கு' இப்போது அங்கே இல்லை, வெளியே போயிருக்கிறது. அதற்குப் பதிவேட்டில் இன்னும் மூவர் பெயர் எழுதியிருக்கின்றனர்.