கத்திக்குக் கிடைத்த வேலை

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு மடக்குக் கத்தியைப் பரிசளித்தார். மலையேறி முகாமிட்டுத் தங்குவோருக்காகச் செய்யப்பட்டது. கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் மூன்றும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடக்கும். வேண்டுமானால் மூன்றாகப் பிரித்தும் கொள்ளலாம். இதை நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாம் அதிலும் உண்டு. வழியில் உண்ண நேர்பவனின் கவலை அப்படியேதான் இருக்கிறது போலும்.

சோதித்துப் பார்க்க ஏலகிரியைத் தேர்ந்தெடுத்தோம். ஆம்பூரில் பிரியாணிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய் ஒரு பாறையில் அமர்ந்தோம். கத்தி வெங்காயத்தை ஒழுங்காகவே அரிந்தது. ஆனால் விரித்த அலகைப் பூட்டி நிறுத்த ஏதுமில்லை. முனையால் குத்தினால் விரல்மேலேயே மடங்கிவிடும். சீரகச் சம்பா அரிசியிடம் முள்கரண்டி தோற்றது. ஸ்பூனில் பிரியாணி வந்தது. எலும்பை ஒட்டிய கறி வரவில்லை. இரண்டாவது கவளத்திலேயே அதை வைத்துவிட்டுக் கையால் உண்டோம். மடிப்புகளுக்குள் புகுந்த கத்தரிக்காய்க் குழம்பின் எண்ணெயைக் கழுவித் துடைப்பதற்குத்தான் நெடுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் வெட்டியவர். ஒரு தோலை விரித்துப் பார்த்த மாத்திரத்தில் எங்கே வடு, எங்கே தளர்ச்சி, எந்தப் பக்கம் இழுபடும் என்று சொல்லிவிடுவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் அவருடைய வலது கை வலுவிழந்தது. விரல்கள் பாதிதான் மூடும். சாதாரண ஸ்பூனின் மெல்லிய காம்பு அவர் கையில் நிற்பதில்லை. அம்மாதான் ஊட்டுகிறாள். ஊட்டும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இடது கட்டைவிரல் நகத்தில் அலகை வைத்துக் கூர் பார்த்தார்.

"இன்னாடா இது? ஒரு கத்தின்னா ஒரு வேலைதான் செய்யணும்."

நான் சிரித்தேன். பிறகு ஏதோ தோன்றியது. கத்தியையும் முள்கரண்டியையும் மடக்கி, ஸ்பூனை மட்டும் விரித்து, அவருடைய வலது கையில் வைத்தேன். மூன்றும் சேர்ந்த அந்தத் தடித்த பிடியைச் சுற்றி விரல்கள் மூடி நின்றன.

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த மருத்துவர் பால் பிராண்டைப் பற்றி முன்பு படித்திருந்தேன். உணர்விழந்த கை எதையும் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்துப் புண்ணாகிவிடும். ஆகவே அத்தகைய கைகளுக்கு அகன்ற, வழவழப்பான பிடிகள் வேண்டும் என்பது அவருடைய அனுபவம். அப்பாவின் நோய் வேறு. ஆனாலும் பிடி என்பது எத்தனை பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு பயம் இருந்தது. உண்ணும்போது கத்தி தற்செயலாக விரிந்துவிட்டால்? பரணில் இருந்த தோல் துண்டுகளை எடுத்து வரச் சொன்னார் அப்பா. அந்தக் கத்தியாலேயே ஒரு வாரை அறுக்கத் தொடங்கினேன்.

"அப்பிடி இல்லடா. முதுகெலும்பு போற வாக்குல வெட்டு. அந்தப் பக்கம் இழுவாது."

துண்டில் முதுகெலும்பு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. இடது கையால் அதைத் தடவிப் பார்த்துத் திருப்பி வைத்தார். அவர் விரல் காட்டிய கோட்டில் அறுத்தேன். பிறகு கத்தியை மடக்கி, பிடியோடு சேர்த்து அந்த வாரால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன்.

அன்றிரவு ரசம் சாதம். பாதி மேலே சிந்தியது. துடைக்க வந்த அம்மாவைக் கையமர்த்தி நிறுத்தினார். தட்டு காலியாக முக்கால் மணி நேரம் பிடித்தது. முடித்தபின் ஸ்பூனைக் கீழே வைக்காமல், வாரின் முடிச்சை இடது விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கத்திக்கு இப்பதான் ஒரு வேலை கெடச்சிருக்கு," என்றார்.