சின்ன வேலைதான்

திருவல்லிக்கேணி. மேன்ஷன்களுக்கு நடுவே ஒரு பழைய வீடு, இரண்டாவது மாடி. கதவில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே ஒரு தையல் மெஷின் மேசை. மெஷின் இருந்த இடத்தில் பெரிய மானிட்டர். கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் தேய்ந்து வெறும் கட்டையாகிவிட்டன.

டிசம்பர் மூன்றாவது வாரம். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி. சுவரில் வெள்ளைப் பலகை. அதில் பதினொரு புத்தகத் தலைப்புகள். நான்கின் மேல் சிவப்புக் கோடு. கோடு விழுந்தவை அச்சகத்துக்குப் போய்விட்டவை.

போன் அதிர்கிறது.

"மேடம், ஒரு சின்ன வேலை."

காலையிலிருந்து இது மூன்றாவது சின்ன வேலை. அவள் நீள நோட்டைத் திறக்கிறாள்.

"எத்தனை பக்கம் சார்?"

"வேர்டுல நூத்தி எண்பது. லேஅவுட்ல கொஞ்சம் ஏறும்."

"எந்த ஃபாண்ட்ல அடிச்சிருக்காங்க?"

மறுமுனை யோசிக்கிறது.

"தமிழ் ஃபாண்ட்தான் மேடம்."

"ஃபைலை அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நோட்டில் ஐந்து கட்டங்கள்: பக்கம், ஃபாண்ட், படம், அட்டை, அட்வான்ஸ். நான்கு நிரம்புகின்றன. ஐந்தாவதில் ஒரு சிறிய வட்டம். அந்தப் பக்கத்தில் இப்படி இன்னும் இரண்டு வட்டங்கள்.

திரையில் வேறொரு புத்தகம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் தன்வரலாறு. பழைய ஃபாண்டில் அடித்து, யூனிகோடுக்கு மாற்றியது. அடித்தவர் பழைய கை. கால் வர வேண்டிய இடத்தில் பல தடவை 'ர' போட்டிருக்கிறார். காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். 'நான்' என்று தேடினால் பாதிதான் அகப்படுகிறது. மீதி இடங்களில் அதிகாரி 'நரன்' ஆக இருக்கிறார்.

மொத்தமாக மாற்ற வழியில்லை. மாற்றினால் மரமெல்லாம் 'மாம்' ஆகிவிடும். ஒவ்வொன்றாகத்தான். தேடல், நிறுத்தம், திருத்தம். தேடல், நிறுத்தம், திருத்தம். வலது கை மவுஸை விடுவதில்லை. இடது கை தட்டில் இட்லியைத் தேடுகிறது, சட்னியில் படுகிறது.

'ஔ' வருகிற இடங்களில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கின்றன. அதற்குத் தனியாக ஒரு சுற்று.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரியே வருகிறார். கையில் மூன்றாவது புரூஃப். பச்சை மை. படியேறிய மூச்சு அடங்குமுன் பக்கத்தைப் பிரிக்கிறார்.

"ஒரே ஒரு பாராதான்மா. சின்ன சேர்ப்பு."

பாரா, அச்சடித்த வரிகளுக்கு வெளியே, விளிம்பைச் சுற்றி ஏறி, மறுபக்கத்தில் இறங்குகிறது. ஒரு மந்திரி அவரைப் பெயர் சொல்லி அழைத்த சம்பவம்.

அவள் எதுவும் சொல்லவில்லை. மேசை ஓரத்தில் கிடக்கும் கொட்டேஷன் தாளை அவர் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்துகிறாள். 'முதல் இரண்டு புரூஃப் கட்டணத்தில் அடக்கம். மூன்றாவதிலிருந்து தனி.' அவர் கண்ணாடியைப் போட்டு வாசிக்கிறார். கழற்றுகிறார்.

"இது திருத்தம் இல்லையே. சேர்ப்புதானே."

"ஆமா சார்."

தாள் அங்கேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.

"பதிப்பாளர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் படியிறங்கியதும் பாரா உள்ளே போகிறது. புத்தகம் அசைகிறது. 208ஆம் பக்கத்தில் முடிந்திருந்தது இப்போது 209க்கு வழிகிறது. மூன்று வரி. 208 என்றால் பதினாறு பக்க ஃபாரம் சரியாகப் பதின்மூன்று. இந்த மூன்று வரிக்காக அச்சகத்தில் இன்னும் காகிதம் விழும். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, விலையோடு.

அவள் முன்னால் போகிறாள். ஒரு பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல், 'இருந்தது'. எழுத்திடைவெளியை இம்மி குறைக்கிறாள். சொல் மேலே ஏறிக்கொள்கிறது. ஒரு வரி மிச்சம். 91இல் ஒரு 'என்றார்'. 140இல் ஒரு 'அல்லவா'. ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் இதெல்லாம் கடைசி அத்தியாயத்துக்கு உதவாது என்பது அப்போதுதான் உறைக்கிறது. நாக்கு ஒருமுறை உச்சுக்கொட்டுகிறது. கடைசி அத்தியாயத்துக்கு வருகிறாள். அங்கே பதினொரு பக்கத்தில் மூன்று 'இருந்தது' கிடைக்கிறது. 209 மறைகிறது. மந்திரி உள்ளே இருக்கிறார்.

மானிட்டருக்குப் பின்னால் சட்டமிட்ட உத்யம் பதிவுச் சான்றிதழ். சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது 2006ஆம் வருடச் சட்டம். அந்தச் சட்டத்தைக் காட்டி அவள் யாருக்கும் இதுவரை கடிதம் எழுதவில்லை. சான்றிதழை மட்டும் வாரம் ஒருமுறை துடைக்கிறாள்.

வேறொரு ஜன்னலில் எக்செல். 'சொன்ன தேதி' என்று ஒரு பத்தி, 'வந்த தேதி' என்று ஒரு பத்தி. இரண்டும் எப்போதாவது சந்திக்கின்றன. டிடிஎஸ் பத்து சதவீதம் பிடித்தவர்கள் மஞ்சளில். பிடித்ததைக் கட்டினார்களா என்பது 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தால்தான் தெரியும், கட்டாதவர்கள் ஆரஞ்சில். ஏழு வருடம் முந்தைய தாளில் ஒரே பதிப்பகத்தின் பெயர் மேலிருந்து கீழ்வரை. அந்தப் பதிப்பகம் இப்போது இல்லை. இந்த வருடத் தாளில் பதினான்கு பெயர்கள்: பதிப்பகங்கள், ஒரு கல்லூரி மலர், ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை, கும்பாபிஷேக மலர் இரண்டு, கோடைக்குப் பள்ளி கைடுகள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போகிற நினைவூட்டல் எப்போதும் ஒரே வாசகம். 'வணக்கம் சார். பில் இணைத்துள்ளேன்.' பதிலும் ஒரே வாசகம். 'புக் ஃபேர் முடியட்டும் மேடம்.' அனுப்பியவருக்குக் கும்பிடு ஸ்டிக்கர் ஒன்று போகிறது. வெள்ளைப் பலகையில் அவருடைய அடுத்த புத்தகம் கடைசிக்கு இறங்குகிறது.

மாலை ஆறு. ராயப்பேட்டை அச்சகத்திலிருந்து ஒரு பையன்.

"அக்கா, உள்பக்கத்துல கருப்பு நாலு கலர்ல வருதுக்கா. பிளேட் நிறுத்தி வெச்சிருக்கேன்."

ஆசிரியர் வேர்டிலிருந்து தந்த ஒரு கட்டம். அதற்குள் இருந்த எழுத்து மட்டும் கலரில். அதைத் தனிக் கருப்பாக்கி, பிடிஎஃப் எடுத்து, அனுப்பி, பையன் "வந்துடுச்சுக்கா" என்று சொல்லும்வரை போனைக் காதிலிருந்து எடுப்பதில்லை. பலகையில் ஐந்தாவது கோடு.

கீழ்வீட்டு அம்மாள் ஈரத்துணி பக்கெட்டோடு மொட்டை மாடிக்குப் போகிறார். வாசலில் நின்று, "வீட்லதானே இருக்கே, என் காஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வெச்சிடும்மா" என்கிறார். அவள் தலையாட்டுகிறாள்.

காலையில் பேசியவரின் ஃபைல் வந்திருக்கிறது. வேர்டில் நூற்று எண்பது அல்ல, இருநூற்று நாற்பது. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கீழே மட்டும், 'ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்ல?'

'ஜனவரி 20க்கு அப்புறம்தான் முடியும் சார். அவசரம்னா இவங்களைக் கேளுங்க.' ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்புகிறாள்.

பத்து நிமிடத்தில் அந்த எண்ணிலிருந்தே செய்தி. 'அக்கா, ஒருத்தர் பேசினார். சின்ன வேலைதானாம். பக்கத்துக்கு எவ்ளோ சொல்லட்டும்?'

அவள் 30 என்று அடிக்கிறாள். அழிக்கிறாள். 40. அதற்கும் முன்னால் கர்சரைக் கொண்டுபோய், 'ஃபைலைத் திறந்து பாத்தியா' என்று சேர்க்கிறாள்.

'இல்லக்கா, ஓகே சொல்லிட்டேன்.'

அவள் போனை எடுத்து அழைக்கிறாள்.