மாதக் கடைசிக் காப்டன்

முதல் தேதியன்று யார் வேண்டுமானாலும் நன்றாகச் சமைத்துவிடலாம். டப்பா நிறையப் பருப்பு, கூடை நிறையக் காய்கறி. வந்த விருந்தாளி புகழ்ந்துவிட்டுத்தான் போவார். மாதக் கடைசியில், டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பருப்பையும் நாலு வாடின கத்தரிக்காயையும் வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்கு முகம் சுளிக்காமல் இலை போடுகிறாளே, அவள்தான் கெட்டிக்காரி என்பது என் மாமியாரின் கட்சி.

கிரிக்கெட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துவிட்டோம். அஜிங்க்ய ரஹானே.

2020 டிசம்பர் 19-ந் தேதி அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்னுக்குச் சுருண்டது. காப்டன் விராட் கோலி மனைவியின் பிரசவத்துக்காக ஊர் திரும்பினார். பந்து வீச்சாளர் ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. "நாலுக்கு நாலும் தோல்விதான், படுத்துத் தூங்குங்கள்" என்று என் வீட்டுக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

மெல்போர்னில் ரஹானே செய்தது இது. முதல் ஒரு மணி நேரம் வேகப் பந்துக்கு உரியது என்பது சம்பிரதாயம். இவரோ அந்த நேரத்திலேயே நம் சென்னை அஸ்வினைக் கூப்பிட்டார். வேட் போனார், ஸ்மித் ரன் எதுவும் எடுக்காமல் போனார். ஆனால் அன்றுதான் அரங்கேறிய ஸிராஜை, மத்தியானச் சாப்பாடு வரையில் தொடவே இல்லை! புது மருமகளை வந்த அன்றே கல்யாணச் சமையலில் இறக்கிவிடாத நிதானம் அது. சாப்பாட்டுக்குப் பிறகு பந்து கிடைத்ததும் ஸிராஜ் இரண்டு பேரைச் சாய்த்தார். ஆஸ்திரேலியா 195-க்கு ஆட்டமிழந்தது.

மறு நாட்களில் ரஹானே 112 ரன் எடுத்து, ஜடேஜாவுடன் ஓடும்போது ரன் அவுட் ஆனார். நானாக இருந்தால் ஒரு பார்வையாவது பார்த்திருப்பேன். அவர் ஜடேஜாவின் அருகே போய்த் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தார். "பெற்றவள் வளர்த்திருக்கிறாள்!" என்றார் மாமியார். அந்த ஆட்டம் நமக்கு.

கோலியைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இந்த வேகப் பந்து வீச்சுப் படை வளர்ந்ததே அவருடைய ஆவேசத்தில்தான்; பயிற்சியாளர் பரத் அருணின் உழைப்பும் அதில் உண்டு. ஆனால் படை முழுதும் படுக்கையில் கிடந்தால் ஆவேசம் என்ன செய்யும்?

அப்படித்தான் ஆயிற்று. உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால், ஜடேஜாவுக்குக் கட்டை விரல், பும்ராவுக்கு வயிற்றுத் தசை, அஸ்வினுக்கு முதுகு. பிரிஸ்பேனில் கடைசி ஆட்டம் தொடங்கியது 2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று. விடியற்காலை ஐந்தரைக்கே எங்கள் தர்மபுரித் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் டெலிவிஷன் பாடியது. ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் 1988-க்குப் பிறகு தோற்றதே இல்லை. அவர்களுடைய பந்து வீச்சாளர் நால்வருக்கும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் விக்கெட்டுகள். நம்முடைய ஐவரும் சேர்ந்து அதுவரை ஆடியிருந்தது நாலே நாலு டெஸ்ட்! டப்பாவின் அடிப்பருப்பு என்றால் இதுதான்.

தெரு விழித்திருந்ததற்குக் காரணம் நடராஜன். தொப்பூர் கணவாய்க்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். தாயார் சாலையோரத்தில் கோழிக் கறிக் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். வலைப் பயிற்சியில் பந்து போடத்தான் அவரை அழைத்துப் போனார்கள். "1965 அக்டோபர் 2 வரைக்கும் நாமும் சேலம் ஜில்லாதானே!" என்று எதிர் வீட்டுத் தாத்தா உரிமை கொண்டாடினார். பாவம், அவரைத் தடுப்பானேன்?

அன்று ஸைனியின் பந்தில் லபுஷேன் கொடுத்த காட்சை நழுவ விட்டவர் காப்டனேதான். அதே ஓவரில் ஸைனியும் தசை பிடித்து வெளியேற, ஐந்து பேர் நாலாயினர். 37-ல் தப்பிய லபுஷேன் 108 வரை போனார். பந்து நடராஜனிடம் வந்தது. முதலில் வேட், சற்று நேரத்தில் அந்த லபுஷேனும்! தாத்தா எழுந்து நின்றுவிட்டார். அந்த இன்னிங்ஸில் நடராஜனுக்கு 3, வாஷிங்டன் சுந்தருக்கு 3, தாகூருக்கு 3, ஸிராஜுக்கு 1.

ஸிராஜ் கதை வேறு. ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டிய தகப்பனார் நவம்பரில் காலமானார். ஊர் திரும்ப அனுமதி இருந்தும் மகன் அணியோடு தங்கிவிட்டார். ஸிட்னி மைதானத்தில் சில பார்வையாளர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியபோது, காப்டன் அவரை அழைத்துக்கொண்டு நேரே நடுவர்களிடம் போனார். ஆட்டம் நின்றது, ஏசியவர்களைப் போலீஸார் வெளியேற்றினார்கள். பிரிஸ்பேனில் இரண்டாவது இன்னிங்ஸில் அதே ஸிராஜ் 5 விக்கெட் எடுத்தார். அதட்டி வாங்கியிருக்க முடியுமா அதை?

ஜனவரி 19-ந் தேதி, அந்த 36 நடந்து சரியாக ஒரு மாதத்தில், இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்று தொடரையும் கைப்பற்றியது. பிப்ரவரியில் சென்னையில் இங்கிலாந்துடன் ஆடியபோது கோலியே மறுபடி காப்டன். ரஹானே பழையபடி உதவிக் காப்டன். அதில் தப்பொன்றும் இல்லை என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பிரிஸ்பேனில் பரிசுக் கோப்பையை வாங்கிய ரஹானே, அதை நடராஜன் கையில் கொடுத்தார். அந்தப் படம் பத்திரிகையில் வந்த அன்று மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் தேடினார். "ஏம்மா, அந்தக் காப்டன் பிள்ளை எங்கே நிற்கிறது?" என்றார்.