குழாயின் விட்டமும் ஒப்பந்தத் தாளும்

சிறு நீர்மின் நிலையம் ஒன்றை வடிவமைக்கும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது டர்பைனில் அல்ல, குழாயில். மேலே தடுப்பணையில் திருப்பிய தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் அழுத்தக் குழாய் அது. விட்டத்தைப் பாதியாக்கினால், அதே தண்ணீருக்கு உராய்வில் போகும் அழுத்தம் ஏறத்தாழ 32 மடங்காகிவிடும். தேவைக்கு மேல் பெரிதாக்கினால் பணம் மண்ணுக்குள் புதையும். எந்த விட்டம் சரி என்பதற்கு ஓடை பாதி விடைதான் சொல்லும். யூனிட்டுக்கு எத்தனை ரூபாய், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதிய தாளில்தான் மறுபாதி இருக்கிறது.

இதை எனக்குக் கற்றுத் தந்தது இலங்கையின் மலையகம். ஒரு காலத்தில் அங்கே எத்தனையோ தேயிலைத் தொழிற்சாலைகள் தோட்டத்து ஓடைகளின் தண்ணீரால் ஓடின. தேசிய மின்சாரம் வந்ததும் அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. காடு மூடிய வாய்க்கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பொங்கும். தண்ணீரை எங்கே எடுப்பது, எந்தச் சரிவில் கொண்டுபோவது என்பதை அப்போதே அத்தனை நுணுக்கமாகக் கண்டிருக்கிறார்கள்.

1990களின் பிற்பாதியில் இலங்கை மின்சார சபை 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட நிலையங்களுக்கென ஒரே மாதிரியான கொள்வனவு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. 15 ஆண்டுக் காலம், நிபந்தனை எல்லாருக்கும் ஒன்று, பேரம் கிடையாது. சபையோடு பேரம் பேச வலுவில்லாத சிறியவருக்கு மானியத்தைவிட இதுவே பெரிய துணை என்பது என் உறுதியான எண்ணம். உலக வங்கியின் நிதி உள்ளூர் வங்கிகள் வழியாக நீண்டகாலக் கடனாக வந்தபோது, கடன் கொடுப்பவர் நம்பிப் படிக்க ஒரு தாள் இருந்தது.

அந்தத் தாளில் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சிக்கால யூனிட்டுக்குக் கூடுதல் விலை. அதனால் கோடையில் சொட்டும் தண்ணீருக்கும் மதிப்பு வந்தது. பெருமழை நீரை மட்டும் நம்பிப் பெரிய இயந்திரம் ஒன்றை வைப்பதா, குறைந்த நீரிலும் நன்றாகச் சுழலும் சிறிய இயந்திரங்கள் இரண்டை வைப்பதா என்று யோசிக்க வைத்தது. ஆனால் விலை, அந்த யூனிட்டை வாங்கியதால் சபைக்கு மிச்சமான எரிபொருள் செலவோடு கட்டப்பட்டிருந்தது. எண்ணெய் விலையோடு நம் ஓடையின் வருமானமும் ஆடியது. பின்னால் நிலையத்தின் செலவை அடிப்படையாகக்கொண்ட விலை வந்தது. முதல் எட்டு ஆண்டுக்கு உயர்ந்த விலை, பிறகு குறைந்த விலை என்று ஒரு தெரிவு. கடன் அடைக்கும் காலத்தை அறிந்தவர் எழுதியது அது.

கொள்கை ஓடைக்கும் துணை நிற்க வேண்டும். தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையில் ஆறு வறண்டு கிடந்தால், அங்கே வாழும் மீன் எங்கே போகும்? அனுமதிப்பத்திரத்தில் குறைந்தபட்ச நீரோட்டம் எழுதினால் போதாது. அந்த நீருக்கான துளையை அணையின் அடிமட்டத்தில், இயந்திரத்துக்கு எடுக்கும் வாயைவிடத் தாழ்வாக, வால்வே இல்லாமல் வைக்க வேண்டும். திருகி மூட ஒன்றிருந்தால் வறட்சியில் யாராவது மூடிவிடுவார்கள்.

என் மனதுக்கு நெருக்கமானவை கிராமத்து நிலையங்கள். சில கிலோவாட், வீட்டுக்கு இரண்டு மூன்று விளக்கு, ஒரு தொலைக்காட்சி. சங்கம் அமைத்து, வாய்க்கால் வெட்டி, சந்தா கட்டி ஊரே நடத்தியவை. தேசிய மின்கம்பி ஊருக்குள் வந்ததும் பல கைவிடப்பட்டன. கம்பி வருவது நல்லதுதான். அதற்காக ஓடுகிற டர்பைனை நிறுத்த வேண்டியதில்லை. நேபாளத்தின் நுவாகோட் மாவட்டத்தில் சியாவுரேபூமி என்ற 23 கிலோவாட் நிலையத்தை 2018இல் தேசிய மின்கட்டமைப்போடு இணைத்தார்கள். அதற்கு வேண்டியவை பெரிய தொழில்நுட்பம் அல்ல. கம்பியில் மின்சாரம் நின்றதும் நிலையத்தைத் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, இருபக்கமும் எண்ணும் மீட்டர், ஊர்ச் சங்கத்தின் தலைவர் வாசித்துக் கையொப்பமிடக்கூடிய சில பக்க ஒப்பந்தம். முதல் இரண்டையும் நாங்கள் பொருத்திவிடுவோம். மூன்றாவதை அரசுதான் எழுத வேண்டும், அதுவும் கம்பி ஊருக்குள் வருவதற்கு முன்பே.