நம்ம கேமைக் கெடுத்துருவானுவளோ?

குற்றாலத்துக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? சீசன் ஞாயிற்றுக்கிழமை ஊர் உலகமெல்லாம் வேன் பிடித்து வந்து ஐந்தருவியில் வரிசை கட்டி நிற்கும். உள்ளூர்க்காரர் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ‘அப்பல்லாம் எப்படி இருந்துச்சு தெரியுமா?’ என்று ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். தண்ணீர் அதே தண்ணீர். ஆனால் தனக்கு மட்டும் தெரிந்த அருவி ஊருக்கே தெரிந்துவிட்டால் மனசு என்னவோ செய்கிறது.

அதே பெருமூச்சை 2021 மார்ச்சில் தென்காசியில் கேட்டேன். விட்டவன் என் அக்கா மகன். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். கையில் செல்போன், அதில் கிரிக்கெட்.

“மாமா, நம்ம கேம் கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கு வருதாம். கெடுத்துருவானுவளோ?”

அவன் சொன்ன கேம், வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப். பையன்கள் பாஷையில் டபிள்யூ.சி.சி. கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஆடிய தலைமுறைக்கு ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ ஞாபகம் இருக்கும். அதோடு அந்த அமெரிக்கக் கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. உலகக் கணக்கில் கிரிக்கெட் கேம் என்பது சின்னக் கடை. அவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது. காலியான அந்த இடத்தில் துண்டு போட்டு உட்கார்ந்தது நம்ம சென்னைக் கம்பெனி, நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியா. 2015-ல் அவர்கள் விட்ட டபிள்யூ.சி.சி. 2, விலை மலிந்த போனிலும் ஓடியது. அதுதான் விஷயம். லைசென்ஸ் சமாசாரத்தால் வீரர்களின் பெயர் கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி. இந்தக் கம்பெனியில் பெரும்பங்கை மும்பையின் நசாரா டெக்னாலஜிஸ் ஏற்கெனவே வாங்கியிருந்தது. அந்த நசாராதான் அப்போது பொதுமக்களிடம் பங்கு விற்க வந்தது.

மருமகனின் பயத்தை நான் இரண்டாகப் பிரித்தேன். (பி.காம். படித்தவன் எதையும் பற்று, வரவு என்று இரண்டாகப் பிரிக்காமல் விடமாட்டான்.) ஒரு பாதி, அந்தக் குற்றாலத்துப் பெருமூச்சு. அதற்கு மருந்து கிடையாது. இன்னொரு பாதி, கணக்கு. அதற்குப் பதில் இருக்கிறது. பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கம்பெனி பங்கு விற்கிறது என்றால் அந்தக் காசு எங்கே போகும்? புது ஸ்டேடியம், புது ஷாட், நல்ல கமென்ட்ரி என்று கேமுக்குள் போகும் என்றுதான் ரசிகன் நினைப்பான். நசாரா வெளியீட்டில் ஒரு பங்கு 1,100, 1,101 ரூபாய். குறைந்தது 13 பங்கு கேட்க வேண்டும், 14,313 ரூபாய். மொத்தம் சுமார் 583 கோடி. இதில் கம்பெனிக்கு வந்தது எவ்வளவு தெரியுமா? சைபர். முழுக்க முழுக்க, பழைய பங்குதாரர்கள் தங்களிடம் இருந்ததை விற்றார்கள். ‘ஆஃபர் ஃபார் சேல்’ என்பார்கள். சட்டப்படி சரியான காரியம், ஒளிவுமறைவும் இல்லை. விளக்க அறிக்கையில் ‘வெளியீட்டின் நோக்கம்’ என்ற தலைப்பின் கீழ் அச்சடித்தே இருக்கும். நாம்தான் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. படிக்காமலே 175 மடங்கு கேட்டார்கள் ஜனங்கள். மார்ச் 30 அன்று 1,101 ரூபாய்ப் பங்கு 1,990-ல் தேசியப் பங்குச் சந்தையில் தொடங்கியது. கிடைத்தவர்களுக்குத் தீபாவளி.

சரி, காசு வராவிட்டால் போகிறது. கெடுதலும் இல்லையே என்பீர்கள். இருக்கிறது. முதலாளி மாறுகிறார். அதுவரை கம்பெனி பதில் சொல்ல வேண்டியது ஆடுகிறவனுக்கும், பணம் போட்ட நாலைந்து பேருக்கும். லிஸ்ட் ஆனபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கே மார்க் ஷீட் காட்ட வேண்டும். போன காலாண்டைவிட இந்தக் காலாண்டு கூட வந்ததா? வராவிட்டால் ஏன்? கேம் என்பது பயிர் மாதிரி. மூன்று மாதத்தில் அறுத்தே ஆகவேண்டும் என்று நின்றால் பச்சையாகத்தான் அறுக்க வேண்டும்.

பச்சையாக அறுத்த கதையும் உண்டு. போலந்தின் சி.டி. புரொஜெக்ட், வார்சா பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி. 2015-ல் ‘விட்சர் 3’ என்ற கேமால் ரசிகர்களின் குலதெய்வம் ஆனது. அடுத்து ‘சைபர்பங்க் 2077’. ஒரே வருஷத்தில் மூன்று தடவை தள்ளிப்போட்டு, கடைசியில் 2020 டிசம்பர் 10-ல் விட்டார்கள். பழைய மெஷின்களில் ஆடவே முடியவில்லை. ஒரு வாரம் கழித்து சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஆசைப்பட்டு அவசரப்பட்டார்கள் என்று ரசிகர்கள் திட்டினார்கள். அமெரிக்காவில் பங்குதாரர்கள் கேஸ் போட்டார்கள். பங்குதாரருக்காக அவசரப்பட்டு, பங்குதாரரிடமே கேஸ் வாங்கியது மாதிரி ஆகிவிட்டது!

ஸ்வீடனில் பாரடாக்ஸ் என்று ஒரு கம்பெனி. சரித்திரம் படித்தவர்களுக்காகவே செய்ததுபோல, ராஜ்யம் ஆளும் கேம்கள். அதன் ரசிகர்கள் கொஞ்சம் பேர், ஆனால் வெறியர்கள். 2016 மே மாதம் ஸ்டாக்ஹோமில் பட்டியலிடப்பட்டது. அடுத்த ஆண்டே பல நாடுகளில் விலையை ஏற்றினார்கள். ரசிகர்கள் போட்ட சத்தத்தில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சத்தம் போட்டால் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சைபர்பங்கையும் பொறுமையாகச் சரிசெய்து, 2023-ல் நல்ல பெயர் வாங்கிவிட்டார்கள். லிஸ்ட் ஆனாலே குட்டிச்சுவர் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் தென்காசியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சைப் பேசும்போது ஒருவரை விட்டுவிட முடியாது. பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது. 2011-லிருந்தே அவர்களுக்குத் தென்காசியில் அலுவலகம். ஸ்ரீதர் வேம்பு 2019-ல் இந்தப் பக்கமே குடிவந்துவிட்டார். உலகமெல்லாம் வாடிக்கையாளர் வைத்திருக்கும் கம்பெனி, வெளியாரிடம் முதலீடு வாங்கியதில்லை, சந்தைக்கும் வரவில்லை. 2025-ல் ‘அரட்டை’ செயலி திடீரென்று ஓடியபோது, ‘எப்ப சார் ஐ.பி.ஓ.?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். காலாண்டு நெருக்கடி உள்ள கம்பெனியாக இருந்தால் அரட்டையைச் செய்திருக்கவே முடியாது என்கிற மாதிரி பதில் சொன்னார். 2021-லேயே வந்துவிட்டு, நாலு வருஷம் அதிகம் பேர் சீண்டாமல் கிடந்த செயலி அது. எந்தப் பங்குதாரர் நாலு வருஷம் சும்மா இருப்பார்?

அதே ஸோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் வேறு வழியில் போனார். அவருடைய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் ஏறியது. அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த ரகசியப் பெயர் ‘புராஜெக்ட் சூப்பர் ஸ்டார்’. ரஜினி ரசிகர், வேறென்ன வைப்பார்! நம்மூர் ஊழியர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கோடீஸ்வரர் ஆனார்கள். மாதச் சம்பளக்காரனுக்கு இதைவிடப் பெரிய காரியம் வேறு எந்த வழியில் நடக்கும்? ஸோஹோ பக்கம் நின்று இதை இளப்பமாகப் பேசுகிறவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் 36 டாலருக்கு விற்ற பங்கு ஒரே வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்தது. 2024 நவம்பரில் சுமார் 660 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே 40 கோடி டாலருக்குத் தங்கள் பங்கையே திரும்ப வாங்குவதாக அறிவித்தார்கள். கையில் இவ்வளவு காசை வைத்துக்கொண்டு ஆளைக் குறைப்பது பேராசை என்று, பெயர் சொல்லாமல் சாடினார் வேம்பு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன், “அப்ப நம்ம கேம் கம்பெனியும் தனியாவே இருந்திருக்கலாம்லா?” என்றான். இருந்திருக்கலாம். பெல்ஜியத்தின் லாரியன் அப்படித்தான் இருந்து, 2023-ல் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்று அடித்தது. ஆனால் தனியார் என்றால் நல்லது கெட்டது எல்லாம் ஒரே ஆளின் குணத்தில் நிற்கிறது. அவருக்குப் பிறகு யார்? அவர் நாளைக்கு மனசு மாறி விற்றால்? ரசிகனுக்கு அங்கே கேட்கவும் வழியில்லை.

அவன் பயந்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் போக்கர் கம்பெனி ஒன்றில் நசாராவுக்குப் பங்கு இருந்தது. சில நாளில் நசாரா பங்கு இருபது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. டபிள்யூ.சி.சி.யில் ஒரு சிக்ஸர்கூடக் குறையவில்லை. ஆனால் கிரிக்கெட்டை நம்பிப் பங்கு வாங்கியவன், சீட்டாட்டத்தில் கை சுட்டுக்கொண்டான். நீங்கள் ரசிப்பது ஒரு கேமை. வாங்குவது ஒரு கம்பெனியை. அதன் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ரிஸ்க் ஃபேக்டர்ஸ்’ என்று பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள். தூக்கம் வரும், படியுங்கள்.

பாசம் தாங்கவில்லை என்றால், சந்தையில் ஒரே ஒரு பங்கு வாங்கி வையுங்கள். லாபத்துக்கு இல்லை. ஒரு பங்கு இருந்தாலும் ஆண்டறிக்கை உங்களுக்கு வரும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பும் வரும். பல கம்பெனிகள் கூட்டத்தை இப்போது வீடியோவிலேயே நடத்துகின்றன. பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். தென்காசியிலிருந்தே கேட்கலாம்: “ஐயா, அடுத்த வருஷம் எத்தனை ஓவருக்கு ஒரு விளம்பரம்?”