கசியாத மூட்டு

சென்னை அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் திரும்பினால் கடை வாசல்களில் சைலன்சர்கள் தொங்கும். ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், டால்பின், கோல்ட் ஸ்டார், இந்தோரி என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அதை வண்டியில் ஏற்றுகிற வேலை பக்கத்துச் சந்துகளில் நடக்கிறது. அப்படி ஒரு சந்துப் பட்டறையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே சாமான், வாசலில் வேலை. முதலாளியை எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர். கூட இரண்டு பையன்கள்.

அன்றைக்கு நின்ற வண்டி கார்புரேட்டர் வைத்த கிளாசிக் 350. பழைய சைலன்சரின் அடிப்பக்கம் அப்பளமாகப் பொரிந்து ஓட்டை விழுந்திருந்தது. பாய் குனிந்து பார்த்ததும் வண்டிக்காரரிடம் கேட்டார்: “சார், தினமும் கிட்டத்துலயே ஓட்டுறீங்களா?”

“ஆமா பாய். வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும்தான்.”

“அதான். உள்ள தண்ணி நின்னு அரிச்சிருக்கு.”

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வண்டி நெடுந்தூரம் ஓடிச் சைலன்சர் நன்றாகச் சூடேறினால் ஆவி அப்படியே போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் நிறுத்திவிட்டால் அது உள்ளேயே குளிர்ந்து பள்ளத்தில் தேங்கும். வெளியே குரோம் பளபளக்கும்போதே உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும்.

வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் பாய். துரு இளக்கும் எண்ணெயை எஞ்சின் ஹெட்டில் உள்ள நட்டுகளில் அடித்து இரவெல்லாம் ஊறவிட்டிருந்தார். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட் இரண்டும் இரும்பு. அவை இறங்கியிருக்கும் ஹெட் அலுமினியம். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த ஸ்டட் முறிந்தால் அரை மணி வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். முறிந்த துண்டைத் துளைபோட்டு எடுத்து, மரை வெட்டி, புது ஸ்டட் இறக்க வேண்டும். எஞ்சினைத் தொடவே தேவையில்லாத வேலை எஞ்சினில் கைவைப்பதில் முடியும்.

பாய் நட்டை முதலில் கழற்றவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினார். துரு பிடிப்பு விட்ட பிறகு கால் சுற்று பின்னே, அரைக்கால் முன்னே, மறுபடி பின்னே என்று போனது கை. பையனிடம் சொன்னார்: “கிர்ருனு வந்தா பயமில்ல. ஸ்பானர் ரப்பர் மாதிரி இழுத்துச்சுன்னா நிப்பாட்டிடு. நட்டு வரல, ஸ்டட்தான் முறுக்கிக்குது.” இந்தப் பாடம் எந்த ஐடிஐ புத்தகத்தில் இருந்தாலும், கை ஒருமுறை அதை உணர்ந்தால்தான் படிப்பு.

இரண்டு நட்டும் முழுதாக வந்தன. ஹெட்டில் புகை வெளியேறும் துவாரத்துக்குள் நசுங்கி ஒட்டிக்கிடந்த பழைய செம்பு பேக்கிங் வளையத்தை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். பழைய வளையத்தை மறுபடி போடவே கூடாது என்பது அவர் கட்டளை. ஒருமுறை நசுங்கிய செம்பு மறுமுறை இடம் அடைக்காது. அந்த மயிரிழை வழியாகக் காற்று உள்ளே இழுபட்டு, ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் படபடவென்று வெடிக்கும். பலர் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். அது கசிவு.

புது வளையத்தில் துளி கிரீஸ் தடவித் துவாரத்தில் ஒட்டினார், பைப்பை ஏற்றும்போது விழாமலிருக்க. பிறகு எல்லா நட்டையும் போல்ட்டையும் கையால் மட்டும் திருகி நிறுத்தினார். இங்கேதான் வேலையின் உயிர் இருக்கிறது. கம்பெனிக்கு வெளியே செய்த சைலன்சரில் பிராக்கெட் துளை பெரும்பாலும் அரைக்கால் அங்குலம் தள்ளித்தான் நிற்கும். அவசரக்காரன் போல்ட்டைப் போட்டு இறுக்கியே அதை இழுத்து உட்காரவைப்பான். அந்த இழுப்பு பைப்பிலேயே தங்கிவிடும். எஞ்சின் அதிர அதிர வெல்டிங் விரிசல் விடும். பாய் உருண்டை அரம் எடுத்துத் துளையை நீட்டினார். மாட்டிப் பார்த்தார், கழற்றினார், மறுபடி அராவினார். கடைசியில் போல்ட் விரலாலேயே உள்ளே போனது. அதன் பிறகே ஸ்பானர்: முதலில் ஹெட் நட்டு இரண்டும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்து கிளாம்ப், கடைசியில் பிராக்கெட்.

ஸ்டார்ட் செய்யும் முன் பையன் துணியில் தின்னரை நனைத்துக் குரோம் முழுக்கத் துடைத்தான். எண்ணெய்க் கை பட்ட தடம் சூட்டில் வெந்தால் அந்த விரல் ரேகை ஆயுசுக்கும் நிற்கும். எஞ்சின் ஓடியதும் தடித்த துணியால் சைலன்சர் வாயைப் பாதி அடைத்து, மூட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார் பாய். புஸ்ஸென்ற சத்தம் எங்கும் இல்லை.

அவர் கொடுத்தது வலது காது. இடது காது மந்தம் என்று பிறகு சொன்னார்.

நடுவே கல்லூரி மாணவன் ஒருவன் வந்து, “டிபி கில்லரை மட்டும் எடுத்து விடுங்க பாய்” என்றான். அது சைலன்சர் வாயில் செருகும் சிறு குழல்; எடுத்தால் சத்தம் பிய்த்துக்கொண்டு வரும். “வாங்குன கடையில கேளு தம்பி, நான் எடுக்க மாட்டேன்.” மாணவன் முகம் சுளித்துப் போனான். பாய்க்கு அது வருமான இழப்பு. அவர் பக்கம்தான் நான். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது கம்பெனிகளுக்கான விதி. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றிய உரிமையாளருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள், ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் தூங்கும் குழந்தைக்கு என்ன பதில்?

சத்தம் எஞ்சினின் இயல்பிலேயே இருக்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 25 முறை வெடித்துக் கக்குகிறது. அதைச் சைலன்சருக்குள் துளையிட்ட குழாயும் அதைச் சுற்றிய கண்ணாடிப் பஞ்சும் வாங்கிக்கொண்டு சூடாக மாற்றுகின்றன. எரிந்துபோன பஞ்சை மாற்றுவதும் இங்கேதான். பையன்கள் வெறுங்கையால் அதைச் சுற்றுகிறார்கள். முன்கை முழுக்கச் செம்புள்ளி, நாளெல்லாம் சொறிகிறார்கள். சத்தத்துக்குப் பெரிய தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்றாவது ஒரு வரம்பு எழுதியிருக்கிறது. இந்தச் சந்துக்கு அளவுக் கருவியோடு எந்த அதிகாரியும் வந்ததாகப் பாய்க்கு நினைவில்லை. ஒரு ஜோடி கையுறையும் காதடைப்பானும் விலை அதிகமில்லை. சைலன்சரை ஆயிரக்கணக்கில் விற்கிற கடைகள், அதை மாட்டும் பட்டறைகளுக்கு அவற்றை வாங்கித் தரலாம். தர வேண்டும் என்றே சொல்வேன்.

கிளாசிக்காரர் கூலியைக் கேட்டதும், “மாட்டுறதுக்கு மட்டுமா இவ்வளவு?” என்றார். பாய் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தார்.

“நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவ வாங்க சார். புது வளையம் சூட்டுல அமுங்கும், நட்டு லூசாகும். டைட் பார்த்துத் தரேன். அதுக்குக் காசு வேணாம். வாரம் ஒரு நாளாவது தாம்பரம் வரைக்கும் போயிட்டு வாங்க, தண்ணி நிக்காது.”