பழுதும் பழியும்

ரோபோ என்றதும் மனித உருவில் நடந்துவரும் இரும்புப் பொம்மைதான் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் இவ்வாண்டு எங்கள் அறிவியல் ஆசிரியை எங்களிடம் தந்தவை இரண்டு சிறு மோட்டார்கள், இரண்டு சக்கரங்கள், உள்ளங்கையளவு ஆர்டுயினோ பலகை, ஒரு கற்றை வயர் ஆகியவையே. “கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டி ஒன்று செய்யுங்கள்” என்றார். நாங்கள் அறுவர் முன்வந்தோம்.

வண்டியின் முகப்பில் இரண்டு அகச்சிவப்பு உணரிகள். வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு விழுங்கிவிடும். இடப்புற உணரி கோட்டின்மேல் வந்தால் இடச் சக்கரம் நிற்கும்; வண்டி இடப்பக்கம் திரும்பும். தத்துவம் இவ்வளவுதான். இரண்டே வாரங்களில் செய்துவிட்டோம் என்று இறுமாந்திருந்தோம்.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை வண்டி மக்கர் செய்தது. ஓரடி நகரும்; விளக்கு அணையும்; மீண்டும் எரியும்; நின்றுவிடும். பதற்றத்தில் வயர்களைப் பிடுங்கினோம், மாற்றிச் செருகினோம், ஒன்றும் பலிக்கவில்லை. கோபம் யார்மீதாவது இறங்க வேண்டுமே! நிரல் எழுதிய தோழிமீது இறங்கியது. “எல்லாம் உன்னால்தான்” என்றோம் நாங்கள் ஐவரும். அவள் ஒரு சொல்லும் பேசாமல் ஜன்னலோரம் போய் நின்றாள்.

அப்போது ஆசிரியை உள்ளே வந்தார். “பழுது எங்கே என்று தேடினீர்களா, பழி யார்மீது என்று தேடினீர்களா?” என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். பிறகு அவர் ஒரு கதை சொன்னார். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிப்பொறி பழுதானது. தேடியவர்கள் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டு, அதைக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தார்களாம். “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கண்டதை உடனே எழுதுங்கள்” என்றார்.

எழுதத் தொடங்கினோம். சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தால் வண்டி ஓடியது. தரையில் வைத்தால் நின்றது. “பாரம் ஏறும்போதுதான் நிற்கிறது. மின்சாரம் போதவில்லையோ?” என்று மெல்லிய குரல் ஒன்று கேட்டது. ஜன்னலோரம் நின்றவள்தான்! மல்டிமீட்டரை வைத்தோம். சும்மா இருக்கையில் 9 வோல்ட். வண்டி நகர்ந்ததும் 6க்கும் கீழே இறங்கியது. ‘சிறியது, அழகானது’ என்று அந்தச் சதுர பாட்டரியை ஆசையோடு வாங்கி வந்தவர்கள் நாங்கள் ஐவரே.

1.5 வோல்ட் பென்சில் செல்கள் ஆறைத் தொடராக இணைத்தோம். கணக்குக்கு அதே 9 வோல்ட்தான்; ஆனால் மோட்டார்கள் கேட்கும் மின்னோட்டத்தைத் தளராமல் தந்தன. வண்டி கோட்டின் வழியே அழகாக ஓடியது. நாங்கள் கைதட்டவில்லை. முதலில் தோழியின் கைகளைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம். “சரி, நாளைக்கு ஆறு செல்கள் கூடுதலாக எடுத்து வாருங்கள்” என்று சிரித்தாள்.

கண்காட்சியில் ஒரு வளைவில் வண்டி தடம் மாறியது. ஆனால் எவரும் எவரையும் பார்க்கவில்லை, குறிப்பேட்டைத்தான் திறந்தோம். அன்புத் தோழியரே, இயந்திரத்தின் பழுதைத் தேடப் போன நாங்கள் எங்கள் பழுதையும் கண்டுகொண்டோம். அடுத்த ஆண்டு அறிவியல் கூடத்துக்கு நீங்களும் வாருங்கள்; குறிப்பேட்டில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் உள்ளன!